சீனர் கூறும் நாடிநெறியும் உயிரியல்பும்

சிவமயம்

உடம்பினுள்ளே கண்ணுக்குப் புலனாகா நெறிகள் சில உள என்பதும், அவற்றின்வழி ஓர் ஆற்றல் இடையறாது இயங்குகின்றது என்பதும், அவ்வியக்கம் செவ்விதாயின் நலமும் தடைப்படின் நோயும் உளவாம் என்பதும் சீன மருத்துவ நூலார் கொள்கையாம். அவ்வாற்றலை அவர் 'சி' என்னுஞ் சொல்லாற் குறிப்பர். ஊசி குத்தியும், மூலிகைப் பஞ்சைக் கொளுத்திச் சூடு காட்டியும், விரலால் அழுத்தியும் அதனை நெறிப்படுத்தும் மருத்துவம் இன்று உலகெங்கும் பரவியுள்ளது. அது பரவுந்தோறும் சில மயக்கங்களும் உடன் பரவுகின்றன. 'சி என்பதே உயிர்' என்பார் ஒரு சாரார். 'அது சிவசத்தியே' என்பார் மற்றொரு சாரார். இடை, பிங்கலை, சுழுமுனை என்னும் நாடிகளையே சீனர் வேறு பெயரால் வழங்கினர் என்பாரும் உளர். இம்மூன்றும் ஆராயற்பாலன. பிறர் கொள்கையை அவர் நூல்வழியே உள்ளவாறு கொண்டு, பின்னர்த் தம் கொள்கையை நிறுவுதல் சித்தாந்த ஆசிரியர் மரபு. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இரு கூறாக வகுத்தமையும் இம்மரபு பற்றியேயாம். ஆதலின் சீனர் நூற்பொருள் முதற்கண் கூறப்படும்.

சொற்பொருள்

'சி' என்னும் எழுத்து, சோற்றினின்று எழும் ஆவியைக் குறிக்கும் வடிவுடையது. ஆவி, மூச்சு, காற்று, வானிலை என்னும் பொருள்களெல்லாம் அச்சொல்லின்பாற் படும். அது முழுதும் பருப்பொருளும் அன்று. பொருட்டன்மையின் நீங்கியதும் அன்று. தூயது, கலங்கியது எனவும், உணவினின்று பிறப்பது, பெற்றோரினின்று வருவது எனவும் பல வகையாக அதனைச் சீனர் பகுப்பர்.

அது செல்லும் பெருநெறிக்குச் 'சிங்' என்றும், கிளைநெறிக்கு 'லோ' என்றும் பெயர். சிங் என்பது நெசவில் நெடுகச் செல்லும் பாவு நூலைக் குறிக்குஞ் சொல்; லோ என்பது வலையைக் குறிக்குஞ் சொல். நெடுகச் செல்வனவும் அவற்றைக் குறுக்கே பிணிப்பனவுமாக உடம்பு ஓர் ஆடைபோல் நெய்யப்பட்டுள்ளது என்பது கருத்து. சிங் என்னும் அச்சொல்லே சீன மொழியில் முதனூலுக்கும் பெயராம். வடமொழிச் 'சூத்திர'மும் தமிழ் 'நூ'லும் இழைக்கும் ஏட்டிற்கும் பொதுவாய் நிற்றல் ஈண்டு நோக்கத்தக்கது. பௌத்தருடைய சூத்திரங்களைச் சீனத்திற் பெயர்த்தோர் இச்சொல்லையே அவற்றிற்கு வழங்கினர். ஊசி இடும் இடத்திற்குச் 'சுயே' என்பது பெயர். அதற்குக் குகை, பொந்து என்பன பொருள்.

நெறிகளின் வைப்பு

பெருநெறிகள் 12. கைக்கு ஆறும் காலுக்கு ஆறுமாக, 'இன்' எனப்படும் தண்மைக்கூற்றின்பாற்பட்டன ஆறும், 'யாங்' எனப்படும் வெம்மைக்கூற்றின்பாற்பட்டன ஆறுமாக இவை வகுக்கப்படும். நுரையீரல், பெருங்குடல், இரைப்பை, மண்ணீரல், இதயம், சிறுகுடல், சிறுநீர்ப்பை, சிறுநீரகம், இதயவுறை, மூவெரி, பித்தப்பை, கல்லீரல் என்னும் முறையில் ஒன்றன்பின் ஒன்றாக இவை தொடரும். மூவெரி என்பது தனியோர் உறுப்பன்று. மேல், நடு, கீழ் என உடலின் மூன்று பகுதியினும் நிகழும் வினையின் பெயராம்.

எடுத்துக்காட்டாக நுரையீரல் நெறி கூறப்படும். அது வயிற்றின் நடுப்பகுதியிற் றோன்றிக் கீழிறங்கிப் பெருங்குடலைத் தொட்டு, மீண்டு மேலேறி நுரையீரலை அடைந்து, அக்குளினருகே வெளிப்பட்டுக் கையின் உட்புறமாகச் சென்று பெருவிரல் நுனியில் முடியும். மணிக்கட்டின் மேலே பிரியும் அதன் கிளை, சுட்டுவிரல் நுனியில் பெருங்குடல் நெறியோடு கூடும். இங்ஙனமே ஒன்று மற்றொன்றிற் கூடிக் கல்லீரல் நெறி ஈறாகச் சென்று, மீண்டும் நுரையீரலையே அடையும். ஆகவே அது முதலும் முடிவுமில்லாத வளையம்போன்றது என்பர். இப்பன்னிரண்டின் வேறாக எட்டுத் தனிநெறிகளும் உள. அவற்றுள் முதுகின் நடுவே ஏறுவது 'தூ'. உடலின் முன்புறத்தே நடுவிற் செல்வது 'ரென்'. இவ்விரண்டையும் பன்னிரண்டோடு கூட்டிப் பதினான்கு நெறி எனக் கொண்டு 1341-ஆம் ஆண்டில் ஹுவா ஷௌ என்பார் நூல் செய்தார்.

ஊசியிடும் இடத்தை அளத்தற்கு அவரவர் பெருவிரலின் அகலமே அளவுகோலாம். நெட்டையர்க்கும் குட்டையர்க்கும் ஒரே அளவு பொருந்தாதாகலின், நோயாளியின் உடம்பையே அளவையாகக் கொண்டனர். முழங்காற்சில்லின் கீழே இவ்வளவில் மூன்று தாழ்ந்து, முன்னெலும்பின் வெளிப்புறத்தே உள்ளதோர் இடம் வயிற்று நோய்கட்குப் பெரிதும் எடுத்தாளப்படுவது. தமிழ் மருத்துவத்தில் விரற்கடை அளவு வழங்குதலும் இதனோடு ஒப்பிடத்தகும்.

மூச்சுக் கணக்கு

இக்கொள்கையின் முதனூல் 'மஞ்சட் பேரரசரின் உள்நூல்' எனப்படுவது. அது சூவென், லிங்ஷூ என்னும் இரு பகுதியுடையது; ஒவ்வொன்றும் 81 இயல்களை உடையது. அரசர் வினாவ, சிபோ முதலிய அமைச்சர் விடை கூறும் முறையில் அது பெரும்பாலும் நடக்கின்றது. ஆகமங்கள் வினாவிடையாக அமைந்தமை அறிந்தார்க்கு இம்முறை புதிதன்று.

லிங்ஷூவின்கண் ஒரு கணக்குக் காணப்படுகின்றது. இடமும் வலமுமாகப் பன்னிரு நெறிகள் 24. அவற்றோடு தனிநெறிகள் நான்கு கூட 28. இவை வானத்து நாண்மீன் 28-க்கும் ஒப்பாம். இவற்றின் நீளம் முழுதும் கூட்டச் சீன அடி 162 ஆம். ஒரு மூச்சிற்குச் 'சி' ஆறு விரல் நகரும். சீன அடி ஒன்றிற்கு விரல் பத்து. ஒரு பகலும் இரவும் சேர்ந்த நாளில் மூச்சு 13,500. ஆகவே நாளொன்றிற்கு அது செல்லுந் தூரம் 81,000 விரல், அஃதாவது 8,100 அடி. அதனை 162-ஆல் வகுப்பச் சரியாக 50 சுற்றாம்.

கணக்குப் பிழையற்றது. ஆயினும் யோக நூலார் நாளொன்றிற்கு மூச்சு 21,600 என்பர். ஒரு நாழிகைக்கு 360 ஆக, 60 நாழிகைக்கும் அத்தொகை வரும். ஒரு நிமிடத்திற்குச் சீனர் கணக்கின்படி மூச்சு ஒன்பதரைக்குச் சற்றுக் குறைவு. யோக நூலார் கணக்கின்படி 15. அமைதியாயிருக்கும் வளர்ந்த ஒருவர்க்கு 12 முதல் 20 வரை என்பது இக்கால மருத்துவர் அளவு. ஆகவே சீனர் தொகை மூச்சினை எண்ணிக் கண்டதன்று. வானத்தின் அளவிற்கு உடம்பின் அளவை இயைவித்துக் கொண்டதேயாம். அண்டத்திலுள்ளது பிண்டத்திலும் உண்டு என்னுங் கருத்து இருவர்க்கும் பொது. அதனை எண்ணால் விளக்குங்கால் அவரவர் காலக்கணக்கே அவ்வெண்ணைத் தந்தது. எண்ணின் அமைப்பைக் கண்டு வியந்து அதனைக் காட்சி அளவையாகக் கொள்ளுதல் கூடாது.

நெறிகள் எண்ணப்பெற்ற வரலாறு

இந்நெறிகள் பன்னிரண்டும் ஒரே காலத்தில் ஒருவரால் கண்டுரைக்கப்பட்டன அல்ல. 1973-ஆம் ஆண்டில் ஹூனான் மாகாணத்துச் சாங்ஷா நகரையடுத்த மாவாங்துயி என்னுமிடத்தில், கி.மு. 168-இல் மூடப்பட்ட கல்லறை ஒன்று அகழப்பட்டது. அதனுட் கிடைத்த பட்டுச் சுவடிகளில் நெறிகள் 11 மட்டுமே கூறப்பட்டுள்ளன. அவை ஒன்றோடொன்று கூடி வளையமாதல் ஆண்டு இல்லை. ஒரு சுவடியில் அவை யாவும் கைகால் நுனியிற் றொடங்கி உடலை நோக்கிச் செல்வன. ஊசியிடுதலும் அவற்றுட் கூறப்படவில்லை. சூடு காட்டுதலே கூறப்படுகின்றது. 2012, 2013 ஆண்டுகளில் செங்தூ நகரின் லாவ்குவான்ஷான் கல்லறைகளினின்று, நெறிக்கோடுகளும் புள்ளிகளும் வரையப்பட்ட சிறிய அரக்குப்பாவை ஒன்றும் கிடைத்தது. இவற்றால், பதினொன்று பன்னிரண்டாகி, தனித்தனிக் கோடுகள் ஒரு வளையமாகி, சூடு ஊசிக்கு இடந்தந்து, கொள்கை படிப்படியாக முற்றியது என்பது புலனாம்.

இடங்களின் தொகையும் அவ்வாறே வளர்ந்தது. உள்நூல் ஆண்டின் நாட்களுக்கேற்ப 365 எனப் பேசினும், அத்தனைக்கும் ஆண்டுப் பெயர் இல்லை. கி.பி. மூன்றாம் நூற்றாண்டினராகிய ஹுவாங்பூ மி என்பார் 349 இடங்களைத் தொகுத்தார். சோங் அரசில் வாங் வெயி என்பார் 1026-இல் 354 இடங்களை வரைந்து காட்டி, மறு ஆண்டில் வெண்கலத்தால் ஆளளவில் இரு பாவைகளையும் வார்ப்பித்தார். பாவையின்மேல் மெழுகு பூசி, உள்ளே நீர் நிரப்பி, மாணாக்கரை ஊசியிடச் செய்வர். இடம் சரியாயின் நீர் வெளிப்படும், தவறின் ஊசி உட்செல்லாது என்பது அக்காலத் தேர்வுமுறை பற்றி எழுதப்பட்ட செய்தி. 1817-இல் லி சுயேசுவான் என்பார் நூலில் தொகை 361 ஆயிற்று. உலக நலவாழ்வு நிறுவனம் 2008-இல் வெளியிட்ட நூலிலும் தொகை அதுவே. அவற்றுள் ஆறு இடங்கட்கு மட்டும் வேறு இடங்களும் உடன் குறிக்கப்பட்டன.

போர்க்கலையும் மருமவிடங்களும்

நோய் தீர்க்கும் இடமே நோய் செய்யும் இடமுமாம் என்பது போர்க்கலையோர் கொள்கை. இதற்குச் சிறந்த பழைய சான்று, ஹுவாங் சோங்சி என்னும் பேரறிஞர் வாங் செங்னான் என்னும் மல்லர்க்கு 1669-இல் எழுதிய கல்லறைக் குறிப்பாம். வாங் பகைவரை அடிக்குங்கால் உடலின் குறித்த இடங்களையே அடிப்பார் என்றும், அவை சாவிடம், மயக்கவிடம், ஊமையிடம் எனப் பிரிக்கப்படும் என்றும், யாவும் வெண்கலப் பாவையின் முறைப்படியே அமைந்தன என்றும் அதன்கண் கூறப்பட்டது. ஒக்கினாவாத் தீவிற் போற்றப்படும் 'புபிஷி' என்னும் போர்நூல், நாளின் பன்னிரு பொழுதிற்கும் ஏற்பத் தாக்குமிடம் வேறுபடும் என்னும். தொட்ட அளவில் சில நாள் கழித்து உயிர் போம் என்னுங் கதைகளோ பிற்காலப் புனைகதைகளால் மிகுந்தன. நெற்றிப்பொட்டு, மிடறு, நெஞ்சுக்குழி முதலியவற்றில் பட்ட அடி கொடிதாதல், அங்கே செல்லும் நரம்பும் குருதிக்குழாயும் பற்றியதென்பது உடற்கூற்று நூலால் விளங்கும்.

தமிழ்நாட்டின் தென்கோடியில் வழங்கும் வருமக்கலையோடு இதனை ஒன்றெனக் கூறுவார் உளர். வருமம் படுவருமம் 12, தொடுவருமம் 96, ஆக 108 என்பது அந்நூலார் மரபு. சுசுருத சங்கிதை கூறும் மருமம் 107. இவை அடிபட்டால் விளையுங் கேட்டை முதற்கண் நோக்கி வகுக்கப்பட்டன. பன்னிரு உறுப்பின் நெறிகளிற் கோக்கப்பட்டன அல்ல. எனவே பயன் ஒத்தல் கொண்டு தோற்றமும் ஒன்றெனத் துணிதல் ஏலாது. தென்னிந்தியரெனக் கூறப்படும் போதிதருமர் ஷாவோலின் மடத்தில் இக்கலையை நாட்டினார் என்னும் வழக்கும் ஆய்விற்கு நில்லாது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் 'தசைமாற்று நூல்' 17-ஆம் நூற்றாண்டினது. அதன் முன்னுரைகள் பொய்யாகப் புனையப்பட்டன என்பதைத் தாங் ஹாவ் என்னும் சீன வரலாற்றறிஞர் 1930-இல் விளக்கினார்.

இரு நாட்டிற்கும் தொடர்பே இல்லை என்பதும் பொருந்தாது. ஏழாம் நூற்றாண்டில் சுன் சிமியாவ் என்னும் மருத்துவர் தம் நூலில் 'இந்திய நாட்டு உடற்பிடிமுறை' என 18 பயிற்சிகளைத் தந்து, அது பிராமணர் முறை என்றும் எழுதினார். ஆயின் அவை உடம்பை நீட்டியும் முறுக்கியும் செய்யும் பயிற்சிகளே. நாடிக்கொள்கை இந்தியாவினின்று சென்றது என்பதற்கு அவை சான்றாகா. நெறிகளைக் கூறும் சுவடிகள் அவற்றினும் எண்ணூறாண்டு முற்பட்டன.

நாடிகளின் அமைப்பும் வேறே. சுழுமுனை முதுகந்தண்டின் உள்ளே நடுநிற்ப, இடையும் பிங்கலையும் அதன் இருமருங்கும் செல்வன என்பது யோகநூற் றுணிபு. சீனரோ முதுகில் ஒன்றும் முன்புறத்தில் ஒன்றும் எனக் கொண்டனர். அன்றியும் யோகநூலார்க்கு நடுநாடி தலைமை. சீன மருத்துவர்க்குக் கைகாலிற் செல்லும் பன்னிரண்டே தலைமை. தாவோ நெறியினர் மட்டும் முன் பின் இரு நெறிகளிலும் 'சி'யைச் சுற்றிவரச் செய்வதைப் பயிற்சியாக்கினர்.

இக்கால ஆய்வு

கூராய்விலோ நுண்பெருக்கியிலோ இந்நெறிகட்கெனத் தனிக்குழாய் எதுவும் இதுவரை உறுதியாகக் காணப்படவில்லை. ஊசியால் நோவு தணிதல் மெய்யே. நாட்பட்ட இடுப்புவலியுடையார் 1,162 பேரிடம் ஜெர்மனியில் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், முறைப்படி ஊசியிடப்பட்டாரில் நூற்றுக்கு 47.6 பேரும், நெறியல்லா இடத்தில் மேலோட்டமாக ஊசியிடப்பட்டாரில் 44.2 பேரும், வழக்கமான மருத்துவம் பெற்றாரில் 27.4 பேரும் நலங்கண்டனர். ஊசியிடுதல் பயனளித்தது என்பதும், இடத்தின் நுட்பம் கருதியவளவு வேறுபாடு செய்யவில்லை என்பதும் இதனாற் பெறப்படும். ஆகவே நெறிகளைக் கோடாக நிற்கும் பொருளெனக் கொள்வதினும், நெடுநாட் பழக்கத்தில் நோவையும் பயனையும் கோத்தறிந்த முறையெனக் கொள்வதே பொருத்தமாம்.

'சி' உயிராகுமோ

இனித் தலைமையான வினா ஆராயப்படும். சீனருள்ளும் இதுபற்றி ஒருமித்த கொள்கை இல்லை. லிங்ஷூ, 'ஷென்' என்னும் அறிவுத்தத்துவம் ஒன்றைச் 'சி'யின் மேலதாக வைத்து, ஊசியிடும் முறையெல்லாம் அதனையே வேராகக் கொள்ளல் வேண்டும் என்கின்றது. ஆயின் பெற்றோர் இருவருடைய சாரமும் கூடுங்கால் அது தோன்றும் என்றும் உரைக்கின்றது. கி.பி. ஐந்து, ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த பான் சென் என்பார், கத்திக்குக் கூர்மை எங்ஙனமோ அங்ஙனமே உடம்பிற்கு அறிவு என்றும், கத்தி அழியின் கூர்மை அழிதல்போல் உடம்போடு அறிவும் அழியும் என்றும் வாதித்தார். பௌத்தர் பலர் அவரை மறுத்து எழுதினர். பதினொன்றாம் நூற்றாண்டினராகிய சாங் சாய், 'சி' திரள்வதே பொருள்களின் தோற்றம், கலைவதே அழிவு என்றார்.

இவற்றைச் சித்தாந்த அளவையால் நோக்குக. பான் சென் கூற்று உலகாயதமேயாம். கூர்மை கத்தியைத் தன்னுடையது என்று அறியாது. உயிரோ 'என் உடம்பு' என உடம்பைத் தன்னின் வேறாக வைத்து வழங்கும். சாங் சாய் கூறும் 'சி' திரண்டும் கலைந்தும் விகாரப்படுதலின், முதற்காரணமாகிய மாயையின் இடத்தில் வைத்து எண்ணத்தகும். திரட்டுதற்கும் கலைத்தற்கும் அறிவுடைய நிமித்தகாரணம் ஒன்று வேண்டும் என்னும் வினா அவர் கொள்கையில் விடையின்றி நிற்கும். லிங்ஷூ கூறும் ஷென் இரண்டன் கூட்டத்தில் தோன்றுவதென்றமையின், அநாதியாகிய பசு ஆகாது. அந்தக்கரணங்களோடு ஒப்புமையுடையது எனலாம். அந்தக்கரணம் அமைச்சரும் உயிர் அரசனும் போல்வர் என்பது சிவஞானபோத நான்காஞ் சூத்திரத்தின் கருத்து.

உடலில் இயங்கும் 'சி'யோ வாயுவின்பாற் படும். வாயு பத்தும் நாடி பத்தும் முப்பத்தாறு தத்துவத்துள்ளும் வைக்கப்படாது, அவற்றின் காரியமாகிய தாத்துவிகம் அறுபதினுள்ளே எண்ணப்பட்டன. பிராணவாயுவே ஆன்மா என்பாரை மெய்கண்டார் மூன்றாஞ் சூத்திரத்தில் மறுத்தார். உறங்குவான்கண் மூச்சு இடையறாது இயங்கவும், நுகர்ச்சியும் தொழிலும் நிகழாமையின், மூச்சின் வேறாய் நுகர்வது ஒன்று உண்டு என்பது ஆண்டைக் கருத்து.

அவத்தை ஐந்தும் இதனை மேலும் தெளிவிக்கும். நனவில் கருவிகள் 35, கனவில் 25, உறக்கத்தில் சித்தம், பிராணன், புருடன் என மூன்று, பேருறக்கத்தில் பிராணனும் புருடனுமாகிய இரண்டு. ஐந்தாம் அவத்தையில் பிராணனும் நீங்கப் புருடன் ஒன்றே மூலத்தில் நிற்கும். அவ்வவத்தைக்குத் தமிழ் நூலார் இட்ட பெயர் 'உயிர்ப்படங்கல்' என்பது. உயிர்ப்பு அடங்கிய விடத்தும் உயிர் உண்டு என்பதை அப்பெயரே உணர்த்தும். உயிரும் உயிர்ப்பும் ஒன்றாயின் அத்தொடர்க்குப் பொருளே இன்றாம்.

அற்றேல் 'சி' சிவசத்தி ஆகுமோ எனின், ஆகாது. தடைப்படுவதும் மிகுவதும் குறைவதும், ஊசிமுனையால் திருப்பப்படுவதும் சடத்தின் இயல்பு. சிவசத்தி சித்து, விகாரமற்றது, யாண்டும் நிறைந்தது, ஒருவரால் இயக்கப்படுவதன்று, எல்லாவற்றையும் இயக்குவது. திருவைந்தெழுத்தின் சிகரத்தோடு இச்சொல் ஒலியால் ஒத்தல் கொண்டு பொருளும் ஒன்றென்றல், செவியளவில் நின்ற மயக்கமாம்.

இவ்வேறுபாடு வாதத்தின்பொருட்டு மட்டும் கூறப்பட்டதன்று. மூச்சுப்பயிற்சி செய்வார்க்கு முதுகில் வெம்மை ஏறுதலும், உடம்பு சிலிர்த்தலும், உள்ளே ஏதோ ஓடுதலும் தோன்றுவதுண்டு. அதனைச் சிவானுபவம் என மயங்கி அங்கேயே நிற்பார் பலர். அஃது அறியப்படும் பொருள். அறிகின்ற உயிர் அதனின் வேறு. அறிவிக்கின்ற சிவம் அவ்விரண்டின் வேறு. இம்மூன்றையும் பகுத்துணராதவழி உடம்பின் ஓர் அசைவே வழிபடு பொருளாய் முடியும்.

ஆகலின் சீனர் மருத்துவத்தை இகழ்தலும் வேண்டா, தலைமேற் கொள்ளுதலும் வேண்டா. உடம்பை ஓம்புதல் உயிர்க்கு உபகாரமாதலைத் திருமூலர் வற்புறுத்தினார். அவ்வோம்பலுக்கு உதவும் முறை எந்நாட்டதாயினும் தக்காரிடம் கொள்ளலாம். நோவு தீர்தற்கு ஊசி உதவக்கூடும். மலம் தீர்தற்கு உதவுவது திருவருள் ஒன்றே.

திருச்சிற்றம்பலம்.